'உம்மா' என்று அழைப்பது பிழையா?

'உம்மா' என்று தாயை அழைப்பது பிழை என்றொரு பேச்சு அண்மைக் காலமாக எமது வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. மத்றஸாவில் தங்கி ஓதும் மகன் விடுமுறைக்கு வீடு வந்ததும், "உம்மா என்றால் அறபியில் சமுதாயம். தாய்க்கு உம்மு என்றுதான் வரும். இனி உங்களை உம்மீ என்றுதான் கூப்பிடுவேன்" என்கிறான். மறுபக்கத்தில் ஆங்கில மொழி மூலம் படிக்கும் மகள், உம்மா என்று கூப்பிட்டால் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று முறையிடுகிறாள். கூடப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் சிங்களப் பிள்ளைக்கும் உம்மா என்பது முத்தம். ஆகவே அவளுக்கு 'மம்மி' வசதியாகப் படுகிறது. இருவருக்கும் நடுவில் நிற்பவள் அந்த உம்மாதான். தன் தாயையும் தாயின் தாயையும் எந்தச் சொல்லால் அழைத்து வளர்ந்தாளோ, அந்தச் சொல் தன்னிடம் வந்து சேரும் போது ஒரு பிள்ளைக்குப் பிழையாகவும் மறு பிள்ளைக்கு வெட்கமாகவும் போய்விட்டதே என்று அவள் மனம் வருந்துவது நியாயம்தானே.

அறபு இலக்கணம் கற்பிப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்வி என்னிடம் பல தடவை வந்திருக்கிறது. கேட்டவர்கள் அநேகமாகத் தாய்மார். முதலில் மகனுடைய வாதத்தை எடுத்துக் கொள்வோம். அதுதான் மார்க்கத்தின் பெயரால் வருகிறது.

அறபியில் தாயைக் குறிக்கும் சொல் 'உம்மு'. ஹம்ஸாவும், ஷத்துச் செய்யப்பட்ட மீமும் மட்டுமே அதில் உண்டு. சமுதாயத்தைக் குறிக்கும் சொல்லில் கடைசியாக ஒரு வட்டத் 'தே' சேர்ந்து கொள்கிறது. அந்தத் 'தே'யில் நிறுத்தி ஓதினால் 'உம்மஹ்' என்று ஒலிக்கும். சேர்த்து ஓதினால் 'உம்மத்' என்று ஒலிக்கும். எமது முன்னோர் அந்தச் சொல்லைத் தமிழுக்கு எடுத்த போது 'தே'யையும் விடாமல் எடுத்தார்கள். ஸுன்னத்து, பறக்கத்து, றஹ்மத்து, ஜமாஅத்து என்று சொன்னது போலவே 'உம்மத்து' என்று சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் கிராமத்துப் பெரியம்மாக்கள் கூட, "றஸூலுல்லாஹ்ட உம்மத்து நாங்க" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தாய்க்கு உம்மா, சமுதாயத்துக்கு உம்மத்து. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தன. ஒன்றோடொன்று மோதவில்லை.

குழப்பம் பிறகு வந்தது. நவீன அறபு நூல்களையும் ஆங்கில நூல்களையும் வாசித்து எழுதத் தொடங்கியவர்கள் 'முஸ்லிம் உம்மா', 'உம்மாவின் மறுமலர்ச்சி' என்றெல்லாம் தமிழில் எழுதினார்கள். அறபு உச்சரிப்புக்கு அது கிட்டத்தான். ஆனால் வீட்டில் அந்த ஓசைக்கு ஏற்கனவே ஒரு சொந்தக்காரி இருக்கிறாள் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. ஒரு முறை ஓர் ஊரில் 'உம்மா எதிர்நோக்கும் சவால்கள்' என்ற தலைப்பில் விசேட பயானுக்கு அறிவித்தல் போட்டார்கள். வழமைக்கு மாறாகப் பெண்கள் பகுதி நிரம்பி வழிந்தது. பேச்சாளர் உலக அரசியலை ஒரு மணித்தியாலமாக விரித்துக் கொண்டு போனார். முடியும் தறுவாயில் ஒரு வயதான தாய் என்னிடம் ஆளனுப்பிக் கேட்டார்: "மௌலவி, உம்மாமாரப் பத்தின பேச்சு எப்பத் தொடங்கும்?"

அந்தத் தாய் கேட்டதில் எந்தப் பிழையும் இல்லை. திருத்த வேண்டியது சமுதாயத்தைக் குறிக்க நாம் புதிதாக எழுதும் 'உம்மா'வைத்தான். 'உம்மத்து' என்ற பழைய சொல் எமக்குக் கையில் இருக்க, அதை விட்டுவிட்டுத் தாயின் சொல்லைப் பறிப்பானேன்?

சரி, அறபியையே அளவுகோலாக வைத்துப் பார்ப்போம் என்று மகன் பிடிவாதமாக நின்றால், அவனை அல்குர்ஆனின் இரண்டு இடங்களுக்கு அழைத்துப் போங்கள். ஸூறத்துல் அஃறாபின் 150ஆவது வசனம், ஸூறத்து தாஹாவின் 94ஆவது வசனம். மூஸா (அலை) அவர்கள் தூர் மலையிலிருந்து திரும்பி வந்த போது, தம் சமூகத்தவர் காளைக் கன்றை வணங்குவதைக் கண்டார்கள். கோபம் மேலிட்டு, தம் சகோதரர் ஹாறூன் (அலை) அவர்களின் தலையைப் பிடித்து இழுத்தார்கள். அப்போது ஹாறூன் (அலை) அவர்கள் 'என் சகோதரனே' என்று அழைத்திருக்கலாம். தந்தையின் பெயரைச் சொல்லியும் அழைத்திருக்கலாம். அவர்கள் அழைத்ததோ தாயைச் சொல்லி: என் தாயின் மகனே என்று. கோபத்தில் நிற்கும் ஒருவரின் மனதை இளக வைக்கத் தாயின் நினைவை விடக் கிட்டிய வழி இல்லை என்று முபஸ்ஸிர்கள் இதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள்.

நான் கவனிக்கச் சொல்வது அந்த இடத்தின் உச்சரிப்பை. நாம் ஓதுகின்ற ஹப்ஸ் உடைய கிறாஅத்தில் அங்கே தாய்க்கு வரும் சொல் 'உம்மி' என்று முடியவில்லை, 'உம்ம' என்று பத்ஹோடு முடிகிறது. வேறு சில கிறாஅத்துகளில் 'உம்மி' என்று வரும். இலக்கண அறிஞர்கள் இந்தப் பத்ஹுக்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, அதன் மூலம் 'உம்மா' என்று நீண்டிருந்து பின்னர் அலிபு விழுந்துவிட்டது என்பதாகும். கூப்பிடும் போது 'என்னுடைய' என்பதைக் காட்டும் யே, அலிபாக மாறுவது அறபு மொழியின் வழக்கம். அப்படியானால் எங்கள் வீட்டுச் சின்னப்பிள்ளை கதவடியில் நின்று "உம்மா" என்று கத்துவது அறபு இலக்கணத்துக்கே முரண் என்று எப்படிச் சொல்வது?

ஸஹீஹ் முஸ்லிமில் அகழிவாசிகளின் நீண்ட வரலாறு ஒன்று உண்டு. ஈமானை விடாதவர்களை நெருப்புக் கிடங்கில் தள்ளுகிறான் ஓர் அரசன். கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் நெருப்பைக் கண்டு தயங்குகிறாள். அவளுக்காக அல்ல, இடுப்பிலிருக்கும் பிள்ளைக்காக. அப்போது அந்தப் பிள்ளை வாய் திறந்து, பொறுமையாக இருங்கள், நீங்கள் சத்தியத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்கிறது. அந்தப் பிள்ளை தாயை அழைக்கும் சொல் ஹதீஸில் 'யா உம்மஹ்' என்று வருகிறது. அறபு தெரியாத எங்கள் பெண்களுக்கு இந்த ஹதீஸை வாசித்துக் காட்டும் போது, அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நான் மொழிபெயர்ப்புச் சொல்ல வேண்டி வருவதில்லை.

'உம்மத்' என்ற சொல்லும் மகன் நினைப்பது போல ஒரே பொருளோடு நிற்கவில்லை. அல்குர்ஆனில் அது சமுதாயத்தைக் குறிக்கிறது. மத்யன் ஊர்க் கிணற்றடியில் கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டிக் கொண்டிருந்த சிறு கூட்டத்தையும் அதே சொல்லால் குறிக்கிறது. ஸூறத்து ஹூதிலும் ஸூறத்து யூஸுபிலும் அது ஒரு காலப்பகுதி. சிறையில் யூஸுப் (அலை) அவர்களோடு இருந்து விடுதலையானவன், ஒரு 'உம்மத்' கழிந்த பிறகு அவர்களை ஞாபகப்படுத்திக் கொண்டான் என்று வரும். அங்கே சமுதாயம் என்று பொருள் வைத்தால் வசனமே புரியாது. ஸுக்றுப் ஸூறாவில் அது மூதாதையர் பின்பற்றிய வழி. அன்ஆம் ஸூறாவின் 38ஆவது வசனத்தில் பூமியில் நடமாடும் பிராணிகளும் சிறகால் பறக்கும் பறவைகளும் எங்களைப் போன்ற உம்மத்துகளே. முற்றத்தில் குருவிக்குத் தண்ணீர் வைக்கும் பிள்ளைக்கு இந்த வசனத்தைச் சொல்லிக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஸூறத்துன் நஹ்லில், தனி ஒரு மனிதரான இப்றாஹீம் (அலை) அவர்களே ஓர் 'உம்மத்'தாக இருந்தார்கள் என்று வருகிறது.

தாயின் சொல்லுக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவு உண்டா? அகராதிகளில் இரண்டும் ஒரே வேரின் கீழேயே இருக்கின்றன. முன்னால் என்று பொருள்படும் 'அமாம்', முன்னின்று தொழுவிக்கும் 'இமாம்' என்பனவும் அதே வேர். ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் பஸறாவில் வாழ்ந்த பெரும் மொழியறிஞர் கலீல் இப்னு அஹ்மத், தன்னைச் சுற்றியுள்ளவை எல்லாம் எதனோடு வந்து சேர்கின்றனவோ, அதனை அறபிகள் 'உம்மு' என்பார்கள் என்று விளக்கினார். இதனால்தான் பாத்திஹா ஸூறா உம்முல் கிதாப் ஆனது. சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் மையமான மக்கா உம்முல் குறா ஆனது. மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வுக்குக் கூட அறபியில் தலையின் தாய் என்றுதான் பெயர். அல்காறிஆ ஸூறாவில் நன்மைத் தட்டு இலேசானவனுக்கு ஹாவியா என்ற பாதாளமே 'உம்மு' என்று வருகிறது. பிள்ளை கடைசியில் தாயிடம் ஓடிப்போய்ச் சேர்வது போல அவன் அங்கே போய்ச் சேர்வான் என்பது ஒரு விளக்கம். தலைகுப்புற விழுவான் என்பது இன்னொரு விளக்கம். தாயென்ற சொல்லைக் கேட்டு இதமாக நினைக்கும் காதுக்கு, அந்த இடத்தில் அது எவ்வளவு பயங்கரமாக விழுகிறது என்று பாருங்கள்.

அறபிகளின் அன்றாடப் பேச்சிலோ இந்தச் சொல் மிகச் சாதாரணமாகத் திரிகிறது. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்து வந்த சகோதரிகள் 'உம்மு அலி' என்ற இனிப்பைச் சாப்பிட்டிருப்பார்கள். ரொட்டியும் பாலும் பருப்பு வகைகளும் போட்டு அவணில் வைத்து எடுக்கும் மிஸ்று நாட்டுப் பண்டம் அது. சிலர் உம்முல் குவைன் என்ற அமீரகத்தில் வேலை செய்திருப்பார்கள். பூராணுக்கு அறபியில் நாற்பத்து நான்கின் தாய் என்று பெயர். அதன் கால்களுக்காக வைத்த பெயர். கழுதைப் புலிக்கு ஆமிரின் தாய் என்று பெயர். 1991ஆம் ஆண்டு வளைகுடா யுத்தத்தை ஈராக் ஜனாதிபதி ஸத்தாம் ஹுஸைன் 'உம்முல் மஆரிக்', போர்களின் தாய், என்று அழைத்ததை மூத்த வாசகிகள் வானொலிச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். அந்தச் சொல்லாட்சி அப்படியே ஆங்கிலத்துக்கும் போய், இன்று எதற்கெடுத்தாலும் அங்கே பாவிக்கிறார்கள்.

பெண்களுக்கு இந்தச் சொல் கொடுத்த மதிப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சற்று ஆறுதலாகச் சொல்ல வேண்டும். அறபிகள் ஒருவரை அவருடைய பிள்ளையின் பெயரோடு சேர்த்து அழைப்பார்கள். அதற்குக் குன்யத் என்று பெயர். உம்மு ஸலமா, உம்மு ஹபீபா, உம்மு ஸுலைம் என்பன எல்லாம் அப்படி வந்தவை. ஆயிஷா (றழி) அவர்களுக்குப் பிள்ளைப் பாக்கியம் இருக்கவில்லை. தம் தோழிகள் எல்லோருக்கும் குன்யத் இருக்கிறதே, தமக்கு இல்லையே என்று அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் சொன்னார்கள். நபியவர்கள், சகோதரி அஸ்மா (றழி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் குன்யத் வைத்துக் கொள்ளச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவர்கள் உம்மு அப்துல்லாஹ். அஹ்ஸாப் ஸூறாவின் 6ஆவது வசனப்படி முஃமின்கள் அனைவருக்கும் தாய். பெறாதவள் என்று ஒரு பெண்ணைக் கல்யாண வீட்டில் முன்னுக்கு நிற்க விடாத பழக்கம் எங்கள் ஊர்களில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அப்படி ஒதுக்குகிறவர்களிடம் இந்த ஒரு பெயரைச் சொன்னால் போதும். தங்கையின் பிள்ளையைத் தூக்கி வளர்த்த சாச்சிமாரும் பெரியம்மாமாரும் எங்கள் குடும்பங்களில் எத்தனை பேர்!

இனி மகளுடைய பிரச்சினைக்கு வருவோம். வகுப்பில் ஏன் சிரிக்கிறார்கள்?

தமிழில் குழந்தைகளோடு கொஞ்சும் பேச்சில் உம்மா என்றால் முத்தம். சிங்களத்திலும் அப்படியே. மலையாளத்திலோ இன்னும் விசேஷம். அங்கே முத்தத்துக்கும் உம்ம என்பார்கள், மாப்பிள்ளை முஸ்லிம்கள் தாயையும் உம்ம என்றே அழைப்பார்கள். ஒரே ஊரில், ஒரே மொழியில் இரண்டும் வாழ்கின்றன. அங்கே யாரும் அதற்காகத் தாயின் பெயரை மாற்றவில்லை. வைக்கம் முஹம்மது பஷீர் 1959இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலின் தலைப்பிலேயே பாத்தும்மா என்ற பெண் தன் ஆட்டோடு நிற்கிறாள். எங்கள் பக்கத்துப் பேச்சில் முத்தமிடுவதற்குக் 'கொஞ்சுதல்' என்ற சொல் வழங்கி வந்ததால், முன்பு இந்தச் சிக்கல் அவ்வளவாக வரவில்லை. சினிமாவும் தொலைக்காட்சியும்தான் அந்த உம்மாவை எங்கள் வீட்டு மண்டபத்துக்குக் கொண்டு வந்தன.

இந்த முத்தத்துக்கும் அறபு உம்முவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உதட்டைக் குவித்து எடுக்கும் போது வரும் சத்தம் அது. ஓசையிலிருந்து பிறந்த சொல். வேறு வேறு ஊரில் பிறந்த இரண்டு பேர் ஒரே முகச்சாயலில் இருப்பதில்லையா, அதைப் போல.

மொழிகளில் இப்படி முகச்சாயல் மட்டும் ஒத்திருக்கும் சொற்கள் ஏராளம். துருக்கி மொழியில் 'உம்மா' என்றால் எதிர்பார்க்காதே என்று பொருள். ஈராக்கின் தெற்கில் கி.மு. 25ஆம் நூற்றாண்டளவில் உம்மா என்ற பெயரில் ஒரு நகரமே இருந்தது. அயல் நகரமான லகாஷோடு வயல் எல்லைக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை பிடித்தது. அந்தச் சண்டையைச் செதுக்கிய கல் இன்று பாரிஸ் லூவர் நூதனசாலையில் இருக்கிறது. சுமேரியர் தாயை 'அம' என்றுதான் அழைத்தார்கள், ஆனாலும் அந்த நகரத்தின் பெயரை எங்கள் உம்மாவோடு முடிச்சுப் போட முடியாது. வேடிக்கை என்னவென்றால், அந்த இடிபாடுகளுக்குக் கிட்டவே உள்ள இன்னொரு மேட்டுக்கு அறபிகள் வைத்த பெயர் உம்முல் அகாறிப், தேள்களின் தாய்.

மகள் ஆசைப்படும் 'மம்மி'யும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். தாய்க்கு ஆங்கிலேயர் சொல்லும் மம்மி ஒன்று. பிறவ்ன்கள் காலத்துப் பதப்படுத்திய சடலத்துக்குச் சொல்லும் மம்மி இன்னொன்று. இரண்டாவது சொல் அறபியின் 'மூமியா'விலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. அதன் வேர் மெழுகைக் குறிக்கும் பாரசீக 'மூம்'. உம்மாவை முத்தம் என்று சிரிப்பவர்கள் மம்மியைச் சடலம் என்று சிரிப்பதில்லை. ஏன்? சொல்லில் சிரிப்பு இல்லை, யாருடைய சொல் உயர்ந்தது என்ற எண்ணத்தில்தான் இருக்கிறது.

ஆனால் எல்லா ஒற்றுமையும் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது. ஹீப்ரு மொழியில் தாய் 'ஏம்', பண்டைய பாபிலோனின் அக்காதிய மொழியில் 'உம்மு', ஸிரியாக் மொழியில் 'எம்மா'. இவை அறபியின் உடன்பிறப்பு மொழிகள். ஆகவே இது குடும்பச் சொத்து. தமிழின் அம்மா, சிங்களத்தின் அம்மா என்பன அந்தக் குடும்பத்தில் இல்லை. எங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்க்கும் கொரிய நாடகங்களில் மகள் தாயை 'ஒம்மா' என்று அழைப்பதைக் கேட்டிருப்பீர்கள். கொரியாவும் அந்தக் குடும்பம் அல்ல. பிறகு ஏன் எல்லாத் தாயும் 'ம'வில் வந்து நிற்கிறாள்?

1959இல் ஜோர்ஜ் மர்டொக் என்ற அமெரிக்க மானிடவியலாளர், உலக மொழிகளில் தாய் தந்தையைக் குறிக்கும் 1072 சொற்களைச் சேர்த்து ஆராய்ந்தார். தாயைக் குறிக்கும் சொற்களில் 55 வீதமானவற்றில் ம, ந போன்ற மூக்கொலிகள் இருந்தன. தந்தையைக் குறிப்பவற்றில் 15 வீதத்தில்தான் அவை இருந்தன. றோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் அதற்குச் சொன்ன காரணம், பால் கொடுத்த எந்தப் பெண்ணுக்கும் விளங்கும். மார்பில் வாய் வைத்துக் குடிக்கும் குழந்தைக்கு வாய் அடைபட்டிருக்கும். அந்த நிலையில் அதனால் எழுப்பக் கூடிய ஒரே சத்தம், மூக்கால் வரும் 'ம்ம்' என்ற முனகல்தான். பிறகு பால் வேண்டும் போதும் அதே முனகல். பால் போத்தலைக் கண்டாலும் அதே. கடைசியில் பாலைக் கொண்டு வருபவளைக் கண்டதும் அதே. முனகலோடு ஓர் உயிரெழுத்துச் சேர்ந்ததும் அவளுக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. ஜோர்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை, தாய்க்கு 'தேதா'. எங்களுக்கு மாமா தாயின் சகோதரன். வளைகுடாவிலிருந்து வரும் சகோதரிகளுக்கோ மாமா என்பவள் வீட்டு எஜமானி. "எங்கட மாமா நல்லவ, பெருநாளைக்குத் தங்கம் தந்தா" என்று ஒரு பெண் சொல்ல, பக்கத்தில் இருந்த கிழவிக்கு அது விளங்க வெகுநேரம் எடுத்தது.

ஆகவே உம்மா என்ற எங்கள் சொல்லில் அறபு உம்மு இருக்கிறது. அம்மா, அக்கா என்று ஆகாரத்தில் முடித்து விளிக்கும் தமிழ் நாக்கின் பழக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் முன்னால் பாலுக்கு அழும் குழந்தையின் உதடும் இருக்கிறது. மகன் அழைக்க விரும்பும் 'உம்மீ'யும் நல்ல சொல்தான், என் தாய் என்று பொருள். அழைக்கட்டும். ஆனால் மற்றதைப் பிழை என்று சொல்லும் உரிமை அவனுக்கு இல்லை.

இந்த இடத்தில், பெண்கள் மெல்லிய குரலில் கேட்கும் இன்னொரு கேள்வியையும் தொட வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு சில கணவன்மார் மனைவியைப் பெயர் சொல்லாமல், பிள்ளைகள் கூப்பிடுவதைப் போலவே "உம்மா, இங்க வாங்க" என்பார்கள். இது ழிஹார் ஆகிவிடுமா, நிக்காஹ்வுக்கு ஏதும் பழுது வருமா என்று பயப்படுகிறார்கள்.

ழிஹார் என்பது வேறு. ஜாஹிலிய்யாக் காலத்தில் மனைவியைத் தண்டிக்க நினைத்தவன், நீ எனக்கு என் தாயின் முதுகைப் போன்றவள் என்று சொல்லிவிடுவான். அத்தோடு அவள் மனைவியாகவும் வாழ முடியாது, வேறிடம் போகவும் முடியாது. மதீனாவில் கவ்லா பின்து ஸஃலபா (றழி) அவர்களுக்கு அவர்களின் கணவர் அவ்ஸ் (றழி) அப்படிச் சொல்லிவிட்டார்கள். கவ்லா (றழி) அவர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குள் இருந்துவிடவில்லை. நபி (ஸல்) அவர்களிடம் வந்து வாதிட்டார்கள். அவர்கள் முறையிட்ட பேச்சில் சில சொற்கள் அதே வீட்டில் இருந்த தமக்கே கேட்கவில்லை, ஆனால் அல்லாஹ் கேட்டான் என்று ஆயிஷா (றழி) அவர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். முஜாதலா ஸூறாவின் ஆரம்ப வசனங்கள் அதற்காகவே இறங்கின. பெற்றவர்கள் மட்டும்தான் தாய்மார், வாயால் சொல்வதால் மனைவி தாயாகிவிட மாட்டாள், அப்படிச் சொல்வது வெறுக்கத்தக்க பொய் என்று அவை தீர்ப்பளித்தன. சொன்னவன் மனைவியைத் தொடுமுன் ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். முடியாவிட்டால் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு, அதுவும் முடியாவிட்டால் அறுபது ஏழைகளுக்கு உணவு.

அன்பாக அழைப்பது இந்தக் கணக்கில் சேராது. தாயைப் போன்றவள் என்று கண்ணியத்தை நாடிச் சொன்னால் அது ழிஹார் அல்ல என்று ஷாபிஈ மத்ஹபு நூல்களில் தெளிவாக உண்டு. மனைவியைத் தாய், சகோதரி என்று அழைப்பது மக்றூஹ் என்று சொன்ன இமாம்கள் உண்டு. ஆகவே பேணுதலை விரும்புகிறவர் பெயரைச் சொல்லி அழைக்கலாம், 'பிள்ளைட உம்மா' என்று சொல்லலாம். நிக்காஹ்வுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு விடயம். சண்டையில் வாய்க்கு வந்தபடி, அடுத்தவனுடைய உம்மாவை இழுத்துப் பேசுகிறார்களே ஆண்கள், அதை யாரும் என்னிடம் மார்க்கத் தீர்ப்புக் கேட்பதில்லை. ஒருவன் மற்றவனின் தாயை ஏசினால் அவன் இவனுடைய தாயைத் திருப்பி ஏசுவான், அந்த வகையில் இவன் தன் தாயையே ஏசியவனாகிறான் என்பது நபிமொழியின் கருத்து. பெரும் பாவங்களின் வரிசையில் அது சொல்லப்பட்டிருக்கிறது.

கடைசியாகப் பெயர்களைப் பற்றி ஒரு விடயம். உம்மம்மா, வாப்பம்மா, உம்மும்மா, வாப்பும்மா, மூத்தம்மா என்று ஊருக்கு ஊர் மாறும் உறவுப் பெயர்கள் இன்னும் ஓரளவு நிலைத்திருக்கின்றன. ஆனால் ஆசியா உம்மா, சுலைஹா உம்மா, றஹ்மத்தும்மா என்று பெண்ணின் சொந்தப் பெயரோடு உம்மாவைச் சேர்த்து வைக்கும் வழக்கம் இப்போது அருகிவிட்டது. பிறந்த அன்றே ஒரு பெண் குழந்தையை உம்மா என்று மரியாதையாக அழைத்த சமூகம் நாங்கள். இன்றைய தாய்மார் புதுப் பெயர்களைத் தேடுகிறார்கள். அது அவரவர் விருப்பம்.

சிக்கல் வேறிடத்தில் வருகிறது. பழைய காணி உறுதியில் ஆசியா உம்மா என்று இருக்கும். அடையாள அட்டைக்குப் படிவம் நிரப்பிய பேரன், அது வெறும் மரியாதைச் சொல் என்று நினைத்து ஆசியா என்று மட்டும் எழுதிவிட்டிருப்பான். பிறகு ஹஜ்ஜுக்குக் கடவுச்சீட்டு எடுக்கும் போது, அல்லது காணியைப் பிள்ளைகளுக்கு எழுதும் போது, இரண்டு பேரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க அலைய வேண்டி வரும். உம்மா என்பது அந்தப் பெண்ணின் பதிவுப் பெயரிலேயே இருந்தால் அதை வெட்ட வேண்டாம். பிறப்புச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் மூத்தம்மா ஹயாத்தோடு இருக்கும் போதே அருகில் இருந்து கேட்டு, வாப்பா வைத்த பெயர் என்ன, காவின் பதிவில் என்ன எழுதினார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். அவருடைய உம்மாவின் முழுப் பெயரையும் சேர்த்து.